பெங்களூருவில் பி.எஸ்சி. ஆனர்ஸா, திருவண்ணாமலையில் பி.எஸ்சி. முடித்து பி.எட்.டா? மகளுக்காகக் கேட்கிறேன்

செங்கம் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். செங்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். வீட்டுக்காரர் நெல் மண்டியில் எடை போடுகிறார். மூத்த மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறாள். கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள பிரிவு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி. கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண். டீச்சர் ஆகணும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்றுவரை மாறவில்லை.

திருவண்ணாமலை அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், அப்புறம் பி.எட். என்பதுதான் எங்கள் எண்ணம். பஸ்ஸில் போய்வரலாம். கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகும். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

இப்போது அவளுடைய வேதியியல் டீச்சர், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடச் சொல்கிறார். அங்கே பி.எஸ்சி. கணிதம் ஆனர்ஸ் நான்கு வருடமாம். பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்த படிப்பு ஒன்று இருக்கிறதாம். பட்டம் முடித்தவர்களுக்கு எம்.ஏ. எஜுகேஷன் என்று ஒன்று இருக்கிறதாம். வருமானம் குறைவான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தையே விட்டுக்கொடுப்பார்களாம். மகள் இரண்டு நாளாக அதே பேச்சாக இருக்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்தவர்கள் யாரும் இல்லை. ஆகவே அடிப்படையிலிருந்தே கேட்கிறேன். தனியார் பல்கலைக்கழகப் பட்டம் தமிழ்நாட்டில் அரசு வேலைக்குச் செல்லுமா? மூன்று வருடப் பட்டம், நான்கு வருடப் பட்டம், இரட்டைப் பட்டம், இவற்றில் டீச்சர் ஆக எது சரி? தமிழ்வழியில் படித்த பெண் அங்கே போய்த் தாக்குப்பிடிக்க முடியுமா? உதவித்தொகை நிஜமாகவே கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

அம்மா, முதல் கேள்விக்கு முதலில் பதில். செல்லும். ஆனால் உங்கள் பயம் காரணமில்லாத பயம் இல்லை. சத்தீஸ்கரில் 2002-இல் ஒரு சட்டம் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை அறிவிப்பிலேயே உருவாக்கினார்கள். பல இடங்களில் கட்டடமே கிடையாது. 2005-இல் உச்ச நீதிமன்றம் யஷ்பால் வழக்கில் அவற்றையெல்லாம் ரத்து செய்தது. அதற்குப் பிறகுதான் பெற்றோர்கள் 'யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருக்கிறதா' என்று கேட்கப் பழகினார்கள். நீங்கள் சொல்லும் பல்கலைக்கழகம் 2010-இல் கர்நாடக அரசின் தனிச் சட்டத்தால் வந்தது, பட்டியலில் இருக்கிறது. அந்த வகையில் கவலை வேண்டாம். எந்தத் தனியார் பல்கலைக்கழகமாக இருந்தாலும் யு.ஜி.சி. இணையதளத்தில் நீங்களே பெயரைத் தேடிப் பாருங்கள், யார் சொன்னாலும் அதை மட்டும் விடாதீர்கள்.

பட்டம் செல்லும் என்பது ஒன்று, நீங்கள் நினைக்கும் வேலைக்கு அந்தப் பட்டம் போதும் என்பது வேறு. நம் ஊர் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பி.எஸ்சி. கணிதம், பி.எட்., டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதற்கு மேல் டி.ஆர்.பி. என்கிற ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு. டெட் பாஸ் செய்தால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும், ஆனால் அது மட்டும் இருந்தால் வேலை வராது. முதுகலை ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும். இந்த வரிசையில் எம்.ஏ. எஜுகேஷனுக்கு இடமே இல்லை. அது பி.எட்.டுக்கு மாற்று கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. பி.எஸ்.டி.எம். என்பார்கள். 2010-இல் வந்த சட்டம். 2020-இல் திருத்தம் செய்து, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கான கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உங்கள் மகள் இன்றுவரை அந்த வரிசையில் நிற்கிறாள். பெங்களூருவில் ஆங்கிலவழியில் பட்டம் வாங்கினால் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு அந்த ஒதுக்கீடு போய்விடும். பிறகு எதைப் படித்தாலும் திரும்பி வராது. திருவண்ணாமலையிலும் தமிழ்வழிப் பிரிவைக் கேட்டுச் சேருங்கள், பி.எட்.டும் அப்படியே.

வெளியூருக்கு அனுப்புவதென்று முடிவு செய்தால் மைசூருவில் மத்திய அரசின் மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது. ஆர்.ஐ.இ. என்பார்கள். நான்கு வருடத்தில் பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்து முடியும். நம் மாநிலப் பிள்ளைகளும் அதன் எல்லைக்குள் வருவார்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் கணிதத்தில் அப்படி ஒரு படிப்பு உண்டு. இரண்டுக்கும் என்.டி.ஏ. (தேசியத் தேர்வு முகமை) நடத்தும் நுழைவுத் தேர்வு. அங்கும் ஆங்கிலவழிதான், ஆகவே ஒதுக்கீடு அங்கும் போகும். செலவு மட்டும் குறைவு.

ஓசூர்க்காரி:

அக்கா, நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. எஜுகேஷன் படித்தவள். சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம். உள்ளூரிலேயே பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுப் போனேன். இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய், ஆசிரியர்களோடு உட்கார்ந்து மூன்றாம், நான்காம் வகுப்புக் கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்ப்பதுதான் தினசரி வேலை. ஐயா சொன்னது அத்தனையும் சரி. அதற்கு மேல் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குழப்பத்தைப் பிரித்துவிடலாம். விப்ரோ அசிம் பிரேம்ஜியின் அறக்கட்டளை தொடங்கியது அந்தப் பல்கலைக்கழகம். முதலில் 2011-இல் எம்.ஏ. வகுப்புகள்தான் வந்தன, இளநிலைப் படிப்புகள் 2015-இல். இப்போது வளாகம் சர்ஜாபூர்ப் பக்கம் இருக்கிறது. போபாலில் அதே பெயரில் 2023-இல் தொடங்கியது தனிப் பல்கலைக்கழகம். விண்ணப்பத்தில் எந்த ஊர் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் உதவித்தொகை. அதே அறக்கட்டளை, அரசுப் பள்ளியில் பத்தும் பன்னிரண்டும் படித்த பெண்களுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் ஒன்று தனியாக நடத்துகிறது. வாட்ஸ்அப்பில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தத் திட்டம் நடக்கும் மாநிலங்களின் 2025 பட்டியலில் புதுச்சேரி இருந்தது, தமிழ்நாடு இல்லை. உங்கள் டீச்சர் சொன்னது அது இல்லை. பல்கலைக்கழகத்தில் சேர்பவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாவற்றிலும் முழுசாகவோ பகுதியாகவோ குறைப்பது வேறு. அது உண்மையாகவே கிடைக்கிறது. என் வகுப்பில் அதை வாங்கிப் படித்தவர்கள் நிறையப் பேர், நானும் ஒருத்தி.

இனி படிப்புகள். அங்கே எம்.ஏ. எஜுகேஷன் என்பது டீச்சர் வேலைக்கான பயிற்சி இல்லை. குழந்தை எப்படிக் கற்கிறது, பாடத்திட்டம் யார் எழுதுகிறார்கள், ஏன் ஒரே வகுப்பில் ஒரு சாதிப் பிள்ளை பேசுகிறது, இன்னொன்று வாயைத் திறப்பதில்லை, அரசு கல்விக்காக எப்படிச் செலவழிக்கிறது, இவையெல்லாம் அங்கே பாடம். நடுநடுவே பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். ஒரு பெண் கழித்தலில் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்துதான் சின்ன இலக்கத்தைக் கழிப்பாள், 52-இல் 38 போனால் 26 என்பாள். அவளுக்குக் கணக்கு வராது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் அப்படிச் செய்கிறாய் என்று கேட்டபோது, தெளிவான காரணம் சொன்னாள், சின்னதிலிருந்து பெரியது போகாது என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். ஒன்றின் இடத்தில் 2, 8 இருக்கிறது, 2-இலிருந்து 8 போகாது, ஆகவே 8-இலிருந்து 2. அந்தப் பிள்ளையின் தவறுக்குள் ஒரு நியாயம் இருந்தது. அதைத் தேடிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் படிப்பு. இன்று நான் செய்யும் வேலை முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

ஆனால் அதை முடித்தவர்கள் பெரும்பாலும் போவது தொண்டு நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும். அரசுப் பள்ளியில் எனக்கென்று ஒரு வகுப்பறை கிடையாது, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள். உங்கள் மகளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள் அக்கா. அவளுக்கென்று ஒரு வகுப்பு வேண்டுமா? அரசு வேலை என்கிற பாதுகாப்பு வேண்டுமா? இல்லை, கணக்கு என்கிற பாடத்தின் மேலேயே ஆசையா? பதிலுக்கு ஏற்ப வழி மாறும்.

பி.எஸ்சி. கணிதம் ஆனர்ஸ் மூன்றாவது பதிலுக்கு உரியது. நிரூபணங்களை ஒவ்வொன்றாக எழுதிப் பழகுவார்கள். கணக்கோடு பொதுப் பாடங்களும் உண்டு, இந்தியச் சமூகத்தைப் புரிந்துகொள்வது மாதிரி. 2022-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த நான்கு வருடக் கட்டமைப்பில் மூன்று வருடத்துக்கு 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளி), நான்கு வருடத்துக்கு 160. நான்கு வருடம் முடித்தால் முதுகலை ஒரே வருடம் போதும் என்கிறார்கள், 75 சதவீதம் இருந்தால் நேரே பி.எச்டி.க்கே விண்ணப்பிக்கலாம். ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம். டீச்சர் ஆகப்போகிற பிள்ளைக்கோ நான்கு வருடமும் அதற்கு மேல் பி.எட். இரண்டு வருடமும், ஆக ஆறு. ஊரிலேயே படித்தால் ஐந்து. நான்கு வருடப் பட்டம் உள்ளவர்களுக்கு ஒரு வருட பி.எட். வரப்போகிறது என்று பேச்சு இருக்கிறது. அதை நம்பி இன்று முடிவெடுக்காதீர்கள்.

இரட்டைப் பட்டம் என்றால் நான்கு வருடத்தில் பி.எஸ்சி., பி.எட். இரண்டும் கையில். டீச்சர் ஆசைக்கு அங்கே பொருத்தமானது அதுதான். மகள் சேரும் ஆண்டின் அறிவிப்பில் அந்தப் படிப்பு இருக்கிறதா, கணிதப் பிரிவு இருக்கிறதா, ஆசிரியர் படிப்புகளுக்கு அனுமதி தரும் என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் இருக்கிறதா, மூன்றையும் மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

இங்கிலீஷ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கஷ்டம்தான், மழுப்ப மாட்டேன். முதல் செமஸ்டரில் வகுப்புக்கு முன்னால் படித்துவரக் கட்டுரைகள் கொடுப்பார்கள். இருபது பக்கம் படிக்க ராத்திரி ஒரு மணி ஆகும். ஓரத்தில் தமிழில் அர்த்தம் எழுதி வைப்பேன். வகுப்பில் வாய் திறக்கவே பயம். ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் என்னைப் போலவே தடுமாறினார்கள் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. மொழிக்கென்று தனியாக உதவி செய்தார்கள், இரண்டாம் செமஸ்டரில் மூச்சு விட முடிந்தது. நான் போனது இருபத்தொரு வயதில், ஒரு பட்டம் முடித்துவிட்டு. உங்கள் மகள் பதினெட்டில் போவாள். கணக்குக்கு மொழி குறைவாகத்தான் வேண்டும், பொதுப் பாடங்களுக்கு நிறைய வேண்டும்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி டீச்சர் வேலைதான் வேண்டும் என்றால் திருவண்ணாமலையில் தமிழ்வழியில் சேருங்கள். அங்கே சேர்வதால் பெங்களூரு கைவிட்டுப் போகாது. எந்தப் பட்டம் முடித்தவரும் அங்கே எம்.ஏ.வுக்கு வரலாம், என்னைப் போல. ஆனால் பெங்களூருவுக்கு முதலில் போனால் அந்த 20 சதவீதம் திரும்பாது. எதை இழந்தால் மீட்க முடியாதோ அதை முதலில் காப்பாற்றுங்கள் அக்கா.

முழு உதவித்தொகை கிடைத்து, மகளும் கணக்கின் மேல் உயிரையே வைத்திருந்தால் அனுப்புங்கள், தயங்க வேண்டாம். பாதி உதவித்தொகை என்றால் அனுப்பாதீர்கள். மீதிப் பாதியே உங்கள் இரண்டு பேர் சம்பளத்துக்குப் பெரிய சுமையாகிவிடும். இளைய பிள்ளைகள் படிப்பு அதில் அடிபடும்.

ஆம்பூர்ப் பையன்:

வணக்கம் அம்மா. நான் அங்கேதான் இப்போது பி.எஸ்சி. உயிரியல் படிக்கிறேன். அக்கா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பதினெட்டு வயதில் டீச்சர் ஆகணும் என்று சொல்கிற பெண் இருபது வயதில் வேறு ஏதாவது சொல்லலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலைகளே டீச்சர், நர்ஸ், போலீஸ், வங்கிதான். நான் டாக்டர் இல்லையென்றால் லேப் டெக்னீஷியன் என்று நினைத்துக்கொண்டு வந்தவன். இப்போது பாலாற்றுப் படுகையில் தவளைகளைப் பற்றிப் படிக்க ஆசையாக இருக்கிறது. இப்படி ஒரு படிப்பு இருப்பதே இங்கே வந்த பிறகுதான் தெரியும். 20 சதவீத ஒதுக்கீட்டுக்காக அந்த வாய்ப்பை இப்போதே மூடிவிட வேண்டாம் என்பது என் கருத்து.

பயணம் பற்றிப் பயப்படாதீர்கள். செங்கத்திலிருந்து ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக நேர் பஸ் இருக்கிறது. பெங்களூரு நகரத்துக்குள் போகவே வேண்டாம், எல்லை தாண்டியதும் அத்திப்பள்ளியில் இறங்கினால் சர்ஜாபூர் பக்கம். எல்லோரும் வளாகத்து விடுதியில்தான் தங்குகிறோம். தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

தம்பி, நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆசையை மூடச் சொல்லவில்லை. அங்கன்வாடிச் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அரசு வேலை என்பது குடும்பம் முழுவதும் கால் ஊன்றும் இடம். அதைத் தெரிந்துகொண்டு விட்டுக்கொடுத்தால் சரி, தெரியாமல் இழக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். தவளை ஆராய்ச்சிக்கு என் வாழ்த்து.

கூட்டுறவு வங்கி ஊழியர்:

கடன் வாங்கிப் படிக்கலாமா என்ற யோசனை வந்தால் இதைக் கவனத்தில் வையுங்கள் சகோதரி. கல்விக் கடன் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கொடுக்க அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வட்டியை மத்திய அரசு கட்டும் என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். அந்த மானியம் தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு. வெறும் பி.எஸ்சி. கணிதத்துக்கு அதைக் கணக்கில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆசிரியர் வேலைக்குத் தேர்வு, அறிவிப்பு, நியமனம் என்று வருடங்கள் இழுக்கும். தவணை அதற்காகக் காத்திருக்காது.

இன்னொன்று. ஒரு இடத்தில் பணம் கட்டிச் சேர்ந்த பிறகு இன்னொரு இடத்தில் கிடைத்தால் பயந்துகொண்டு அங்கேயே இருக்க வேண்டாம். கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க யு.ஜி.சி. 2018-இல் விதி போட்டிருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் முழுத் தொகையும், அந்தத் தேதி தாண்டி முப்பது நாளுக்கு மேல் போனால் ஒன்றும் இல்லை, நடுவில் படிப்படியாகக் குறையும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. தனியார், அரசு எல்லோருக்கும் இதுதான்.

செங்கம் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, ஒதுக்கீடு பற்றி நீங்கள் சொன்னது எங்கள் பள்ளியிலேயே யாரும் சொல்லவில்லை. நேற்று ராத்திரி மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவள் கழித்தல் கணக்கில்தான் நின்றுவிட்டாள். என் அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போன பையன் ஒருவன் அப்படித்தான் செய்கிறானாம், இவள் அவனுக்குச் சாயங்காலம் சொல்லித்தருகிறாள். அவனை என்ன கேட்பது என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். எனக்கு ஒரு கிளாஸ் ரூம் வேண்டும், ஆனால் பெங்களூரு நுழைவுத் தேர்வையும் எழுதிப் பார்க்கிறேன் என்றாள். அவள் அப்பா எழுதட்டும் என்கிறார். முழு உதவித்தொகை வந்தால் அந்த இரட்டைப் பட்டம், இல்லையென்றால் திருவண்ணாமலை தமிழ்வழி என்று பேசி வைத்திருக்கிறோம். ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பித்தால் போதுமா? இப்போதே என்ன செய்ய வேண்டும்?

ஓசூர்க்காரி:

நல்ல முடிவு அக்கா. ரிசல்ட் வரை காத்திருக்காதீர்கள். அங்கே விண்ணப்பமும் நுழைவுத் தேர்வும் ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே நடந்துவிடும். இணையதளத்தில் இந்தச் சுற்றின் கடைசித் தேதியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். தேர்வில் ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதும் அன்றாடக் கணக்கும் இருக்கும். மகளுக்குக் கணக்குப் பகுதியில் பிரச்சினை இருக்காது. ஆங்கிலத்துக்குத் தினமும் செய்தித்தாளில் ஒரு கட்டுரையைப் படித்து, என்ன சொல்லியிருக்கிறது என்று உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதற்கப்புறம் நேர்முகம். அங்கே மனப்பாடம் செய்த பதிலை எதிர்பார்க்க மாட்டார்கள். அந்தப் பையனுக்குக் கணக்குச் சொல்லித்தருவதை உள்ளபடி சொல்லட்டும்.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வாங்குங்கள், புதுசாக இருக்க வேண்டும். உங்கள் சம்பளம் வரும் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் வரவு பதிந்து வையுங்கள். மண்டிக் கூலிக்கு ரசீது இருக்காது, அதற்கு என்ன காட்டலாம் என்று பல்கலைக்கழக உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தமிழில் எழுதி எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பினால் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். திருவண்ணாமலைக் கல்லூரிக்கு மே மாதம் அரசுக் கல்லூரிகளுக்கான இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெங்களூரு முடிவு வந்துவிட்டது என்று அதை விட்டுவிடாதீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழிச் சான்று வேண்டியிருக்கும், தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் மாறுவதற்கு முன்னால் வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பையன். ஏன் தப்பாகச் செய்தாய் என்று கேட்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். 52 குச்சியைக் கொடுத்து, பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லட்டும். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் வரும். அதிலிருந்து 38 எடுத்துக் கொடு என்று கேட்கட்டும். இரண்டு குச்சிதான் இருக்கிறது, எட்டு எப்படிக் கொடுப்பது என்று அவனே முழிப்பான். ஒரு கட்டைப் பிரிக்கலாமா என்று அவன் வாயிலிருந்து வரும் வரை இவள் சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.